மறுப்பும் மறுமொழியே

அரபு இலக்கணத்தைத் தொடக்க வகுப்பில் ஓதிக்கொடுக்கும் ஆசிரியனுக்கு ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேரும் வேலை ஒன்றுண்டு. 'இல்லை' என்று சொல்வதற்கு அம்மொழியில் எத்தனை வழிகள் உள்ளன என்பதை இளம் மாணவருக்கு விளங்க வைப்பதே அது. 'லம் யஃப்தஹ்' என்றால் அவன் திறக்கவில்லை என்று பொருள். 'லன் யஃப்தஹ' என்றால் அவன் திறக்கவே மாட்டான். 'லா யஃப்தஹு' என்றால் அவன் திறப்பதில்லை. வினை ஒன்றே, கதவும் ஒன்றே. முன்னே நிற்கும் சிறிய இடைச்சொல்லும், இறுதி எழுத்தின் மேல் அமரும் குறியும் மாறியவுடன், கதவுக்கு வெளியே நிற்பவனுடைய நிலையே மாறிவிடுகிறது. ஒருவனைக் காத்திருக்கச் சொல்கிறது. மற்றொருவனைத் திரும்பிப் போகச் சொல்கிறது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதனை ஓதிக்கொடுத்து வருகிறேன். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடும் சிறுவனிடம், "எழுத்துக்கு எழுத்து படி, பொருளைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லாத நாளில்லை. அப்படிப்பட்ட நான், 2024 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், என் வீட்டுக் கணினி சொன்ன ஓர் 'இல்லை'யைத் தவறாகப் படித்தேன். அதன் விளைவாகக் குற்றமற்ற ஒருவனைக் குற்றவாளியாக்கினேன். வெட்கத்தோடுதான் இதனை எழுதுகிறேன். எனினும் இதில் கற்றுக்கொள்ளத் தக்கது ஏதோ இருப்பதாகத் தோன்றுவதால் வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் உஸ்தாது தம் வாழ்நாளெல்லாம் ஒரு பணியைச் சத்தமின்றிச் செய்துவந்தார். தமிழ் மக்களின் நாவில் குடியேறிவிட்ட அரபுச் சொற்களைத் தேடித் தேடித் தம் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். வசூல், பாக்கி, வக்கீல், இனாம், மகசூல், ஆஜர் என்று நீதிமன்றத்திலும் கடைத்தெருவிலும் வயற்காட்டிலும் நாள்தோறும் புழங்கும் சொற்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் வேர் எது, அரபு மொழியில் முதற்பொருள் எது, தமிழுக்கு வந்தபோது எதனைச் சுமந்து வந்தது, எதனை வழியிலேயே இறக்கிவிட்டது என்று நுணுக்கமாக எழுதியிருந்தார். அவருடைய மறைவுக்குப் பின் அந்தக் குறிப்பேடுகள் என் கைக்கு வந்தன. ஆறு ஆண்டுகள் சிறிது சிறிதாக அவற்றைக் கணினியில் தட்டச்சு செய்தேன். முடித்த ஏடுகளை அவ்வப்போது அவருடைய மக்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அவற்றை மரியாதையோடு ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அந்தப் பெட்டிக்குள் கரையான் ஏறியது. பெட்டியைத் திறந்தபோது கையில் வந்தது மண்தான். அன்று முதல் உஸ்தாதின் உழைப்பு முழுவதும் என் வீட்டு மேல்மாடிக் கணினி ஒன்றனுள் மட்டுமே இருந்தது. வேறோர் இடத்திலும் படி எடுத்து வைக்கவில்லை. அது என் முதல் குற்றம்.

அந்தக் கணினி பழையது. அதன் திரை ஓராண்டுக்கு முன்பே இருண்டு போயிற்று. எனக்கும் முழங்கால் வலி, படியேற முடிவதில்லை. என் மூத்த சகோதரியின் மகன் கணினிப் படிப்பு முடித்துச் சென்னையில் பணியாற்றுகிறான். விடுமுறையில் வந்தவன் இரண்டு இடர்களுக்கும் ஒரே வழி கண்டான். "மாமா, திரை வாங்க வேண்டாம், மாடி ஏறவும் வேண்டாம். மேலே உள்ள கணினி அங்கேயே இருக்கட்டும். நீங்கள் கீழே மடிக்கணினியில் உட்கார்ந்துகொண்டு அதற்குள் நுழைந்து வேலை செய்யலாம்" என்றான். இரண்டிலும் லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு இருந்தது. எஸ்.எஸ்.எச் என்னும் வழியை அமைத்து, ஒரே ஒரு வரியை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். அந்த வரியில் மேல்மாடிக் கணினியின் முகவரி இருந்தது: 192.168.1.7. கறுப்புச் சாளரத்தில் அந்த வரியைத் தட்டினால் கடவுச்சொல் கேட்கும். கொடுத்தால் கதவு திறக்கும். கோப்புகள் மேலேயே இருக்க, நான் கீழிருந்து அவற்றைத் திருத்தி வந்தேன். ஓராண்டுக்காலம் ஒரு குறையும் இல்லை.

அந்த ஐப்பசியில் ஓரிரவு கடும் இடி மின்னல். அச்சத்தால் வீட்டிலுள்ள எல்லா மின்கருவிகளையும் பிடுங்கி வைத்தோம். ரவுட்டரும் இரவு முழுவதும் அணைந்திருந்தது. மறுநாள் எல்லாவற்றையும் மீண்டும் செருகிவிட்டு, சுவரிலிருந்த வரியைத் தட்டினேன். கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது: 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. இணைப்பு மறுக்கப்பட்டது! மீண்டும் தட்டினேன். மீண்டும் அதே மறுப்பு.

'மறுக்கப்பட்டது' என்ற சொல் என் நெஞ்சில் தைத்தது. யார் மறுத்தார்? எதற்காக மறுத்தார்? ஒரு வாரத்துக்கு முன்புதான் மருமகன் தொலைபேசியில், "கடவுச்சொல் மிகவும் எளிதாக இருக்கிறது மாமா, கொஞ்சம் கடினமாக மாற்றலாமா?" என்று கேட்டிருந்தான். நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இந்த இரண்டையும் இணைத்து என் மனம் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது. என் சொல்லை மீறி எங்கிருந்தோ கடவுச்சொல்லை மாற்றிவிட்டான், என் வீட்டுக் கதவை எனக்கே அடைத்துவிட்டான் என்று முடிவு செய்தேன். உடனே அவனைக் கூப்பிட்டேன். என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத நாணம் தடுக்கிறது. "உஸ்தாதின் உழைப்பு உனக்கு விளையாட்டாகிவிட்டதா?" என்று கேட்டது மட்டும் நினைவில் முள்ளாக நிற்கிறது. அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்:

"மாமா, கடவுச்சொல் கேட்டதா?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. கைபேசியை வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் தவறாமல் ஸலாம் சொல்லி நலம் கேட்பவன் அந்த வெள்ளிக்கிழமை கூப்பிடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் கூப்பிடவில்லை. என் லாத்தா மட்டும் ஒருநாள், "பிள்ளையை என்ன தம்பி சொன்னாய்? சரியாகச் சாப்பிடக்கூட இல்லையாமே" என்று கேட்டார். அதற்கும் நான் மழுப்பலாகவே விடை கூறினேன்.

மூன்று வாரங்கள் கழிந்தன. கணினி பழுதுபார்க்கும் ஒருவரிடம் செய்தியைச் சொன்னேன். "கொண்டு வாருங்கள், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றித் தருகிறேன். ஒரு நாள் வேலை" என்றார். 'துடைத்துவிட்டு' என்ற சொல்லின் முழுப் பொருள் அன்று எனக்குப் புரியவில்லை. ஓதவரும் மாணவன் ஒருவனை விட்டு மேல்மாடிக் கணினியைக் கீழே இறக்கினேன். கம்பிகளை எல்லாம் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, மறுநாள் ஆட்டோவில் ஏற்றுவதற்காக வாசலோரம் வைத்தேன்.

மறுநாள் காலை ஆட்டோவுக்குக் காத்திருந்தேன். கை சும்மா இருக்கவில்லை. பழக்கத்தின் காரணமாகச் சுவரிலிருந்த வரியை மடிக்கணினியில் தட்டினேன். கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது: 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'.

ஒரு கணம் வழக்கமான எரிச்சலே வந்தது. அதன் பிறகுதான் என் கண் வாசலோரம் சென்றது. கணினி போர்வைக்குள் கிடந்தது. அதில் ஒரு கம்பி கூட இல்லை, மின்சாரம் இல்லை, உயிர் இல்லை. அப்படியானால் என்னை மறுத்தது யார்?

ஆட்டோ வந்தது. காத்திருந்ததற்குக் கூலி கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். அன்று முதன்முறையாக அந்தச் சொற்றொடரை, ஒரு மூல நூலின் வரியைப் படிப்பது போலப் படிக்கத் தொடங்கினேன். மதரஸாவில் மூலத்தை 'மத்ன்' என்போம், அதன் விளக்கத்தை 'ஷரஹ்' என்போம். கணினிக்குள்ளேயே அதன் நிரல்களுக்கான விளக்க ஏடுகள் உண்டு என்று மருமகன் முன்பே காட்டியிருந்தான். ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஷரஹைப் புரட்டினேன். அச்சிட்ட நூல்கள் சிலவற்றையும் தேடிப் படித்தேன். படித்தறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு கணினியிலிருந்து மற்றொன்றனுள் தொலைவிலிருந்தே நுழையும் பழக்கம் புதியதன்று. 1969 ஆம் ஆண்டிலேயே 'டெல்நெட்' என்னும் வழி தொடங்கியது. ஆனால் அவ்வழியில் கடவுச்சொல் மறைவின்றித் திறந்தபடியே பயணம் செய்யும்; இடையில் ஒட்டுக் கேட்பவன் எவனும் அதனை எடுத்துக்கொள்ளலாம். 1995 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் அவ்வாறு கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அங்கிருந்த டாட்டு யிலோனன் என்பவர் அதற்கு மாற்றாக உரையாடல் முழுவதையும் மறைமொழியில் நடத்தும் எஸ்.எஸ்.எச் என்னும் வழியை அதே ஆண்டில் உருவாக்கினார். 1999 ஆம் ஆண்டில் ஓப்பன்பி.எஸ்.டி குழுவினர் அதனை எவரும் பயன்படுத்தத்தக்க 'ஓப்பன்எஸ்.எஸ்.எச்' ஆக வெளியிட்டனர். இன்று வீட்டுக் கணினிகளில் உழைப்பது பெரும்பாலும் அதுவே.

ஒரு கணினிக்குள் பல பணிகள் நடப்பதால், வருபவர் எந்தப் பணியை நாடி வருகிறார் என்பதை அறிய வாயில்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'போர்ட்' என்பார்கள். கணினித் தமிழில் 'துறை' என்கிறார்கள். கடற்கரையூரில் பிறந்த எனக்கு அச்சொல் மிகவும் பிடித்துவிட்டது. எண்கள் 65,535 வரை செல்லும். கோப்பு அனுப்பும் பழைய வழிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. இடையே காலியாக இருந்த 22 ஆம் எண்ணை யிலோனன் கேட்டுப் பெற்றார். ஆகவே என் மடிக்கணினி செய்தது இதுதான்: 192.168.1.7 என்னும் வீட்டுக்குச் சென்று, 22 ஆம் துறையில் தட்டி, "இங்கே யாரேனும் உண்டா?" என்று கேட்டது.

இந்தக் கேள்விக்கு என்ன விடை வரலாம் என்பதற்கு 1981 ஆம் ஆண்டிலேயே விதி எழுதிவிட்டார்கள். 2022 ஆம் ஆண்டில் அதனைப் புதுப்பித்தும் வெளியிட்டார்கள். தட்டிய துறையில் ஒரு நிரல் காத்திருந்தால், 'வரலாம்' என்னும் குறி திரும்பி வரும். அந்தத் துறையில் எவரும் காத்திருக்கவில்லையென்றால், 'ரீசெட்' என்னும் குறி வரும். இரண்டாவது குறியைத்தான் நம் கணினி 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று மொழிபெயர்த்துச் சொல்கிறது. அதாவது, நான் வெறுப்பின் சொல்லாகப் படித்தது வெறுப்பின் சொல்லே அன்று. "நீங்கள் தேடி வந்த ஆள் இந்த வாசலில் இல்லை" என்று ஒரு வீட்டார் சொல்லும் நேர்மையான விடை அது.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மறுப்பு வருவதற்கு அந்த முகவரியில் உயிருள்ள ஒரு பொருள் இருந்தாக வேண்டும். இறந்தவர் 'இல்லை' என்று சொல்வதில்லை. மேலும், இந்த மறுப்பு கடவுச்சொல் என்னும் பேச்சே எழுவதற்கு முன் வருவது. கடவுச்சொல் தவறாக இருந்தால் வரும் விடை வேறு: 'பர்மிஷன் டினைடு'. கதவு திறந்து, வாயிற்காவலர் முகத்தைப் பார்த்து, பொதுவாக மூன்று முறை சொல்லக் கேட்டு, ஏற்காதபோது சொல்லும் விடை அது. எனக்கு அது ஒருமுறை கூட வரவில்லை. "கடவுச்சொல் கேட்டதா?" என்று என் மருமகன் கேட்ட ஒற்றைக் கேள்வியில் இவ்வளவும் அடங்கியிருந்தது. அதற்கு நான் உண்மையாக 'இல்லை' என்று ஒரு சொல் விடையளித்திருந்தால், அந்த நொடியிலேயே அவன்மீதான வழக்கு தள்ளுபடியாகியிருக்கும்.

இனி, வாசலோரக் கணினி மறுக்கவில்லையென்றால் மறுத்தவர் யார்? 'பிங்' என்னும் எளிய கட்டளை ஒன்றுண்டு. ஒரு முகவரியை நோக்கி 'இருக்கிறீரா?' என்று விட்டுவிட்டுக் கேட்பது அது. கேட்டேன். 192.168.1.7 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று விடை சொல்லிக்கொண்டே இருந்தது. அதே வேளையில் என் இல்லத்தாள், "என்னங்க, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிக் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே சென்றார். சிறிது நேரத்தில் பிங்கின் விடை நின்றுபோயிற்று. சுவரின் வரியைத் தட்டிப் பார்த்தேன். இம்முறை சற்றுத் தாமதித்து, புதிய விடை ஒன்று வந்தது: 'நோ ரூட் டு ஹோஸ்ட்'. வீட்டுக்குள் அந்த முகவரியைக் கூவி அழைத்தும் 'நான்தான்' என்று எவரும் முன்வரவில்லை என்பது இதன் பொருள்.

அரை மணி கழித்து அவர் திரும்பினார். மீண்டும் தட்டினேன். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் திகைத்து நின்றார். மூன்று வாரங்களாக நான் உஸ்தாதின் குறிப்புகளைக் கேட்டுக் கதவு தட்டியது என் இல்லத்தாளின் கைபேசியை! இடி இடித்த அந்த வாரத்தில்தான் எங்கள் மூத்த மருமகன் வெளிநாட்டிலிருந்து புதுக் கைபேசி ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்திருந்தார். வீட்டு ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் முகவரியைத் தற்காலிகமாகவே வழங்குகிறது. யாருக்கு எதை வழங்கினோம் என்னும் அதன் கணக்கு, பல வீடுகளில், மின்சாரம் போனால் அழிந்துவிடும். மறுநாள் காலையில் முதலில் விழித்த புதுக் கைபேசி காலியாகக் கிடந்த 7 ஆம் எண்ணைப் பெற்றுக்கொண்டது. பின்னர் விழித்த மேல்மாடிக் கணினிக்கு வேறோர் எண் கிடைத்தது. குடியிருந்தவர் வீடு மாறிவிட்டார். நான் பழைய முகவரியில் தட்டிக்கொண்டிருந்தேன். அங்கே புதிதாகக் குடிவந்தவர், "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று ஒவ்வொரு முறையும் பொறுமையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் தமிழில் 'இல்லை' வேறு, 'அன்று' வேறு. 'அவர் வீட்டில் இல்லை' என்பது ஒன்று. 'இது அவர் வீடு அன்று' என்பது மற்றொன்று. 'உன்னை உள்ளே விட மாட்டேன்' என்பது மூன்றாவது. நான் அடைந்தது முதலிரண்டும் கலந்த ஒரு விடை. அதனை மூன்றாவதாகப் படித்து, அந்தச் சொல்லை மருமகன் வாயில் நானே வைத்தேன்.

கணினியை மீண்டும் மாடிக்கு ஏற்றி மின்சாரம் கொடுத்தோம். ரவுட்டரின் பட்டியலைத் திறந்தபோது மேல்மாடிக் கணினியின் பெயருக்கு எதிரே 192.168.1.12 என்று இருந்தது. புதிய முகவரியில் தட்டினேன். உடனே திறக்கவில்லை. எஸ்.எஸ்.எச் வழியில் ஒவ்வொரு கணினிக்கும் தனக்கே உரிய சாவியடையாளம் ஒன்றுண்டு. மனிதருக்குக் கைரேகை போல. முன்பின் அறியாத முகவரியாக இருந்தால், 'இவரை நம்பலாமா?' என்று அது கேட்கும். என் மடிக்கணினியும் அவ்வாறே கேட்டது. ஆனால் அதன் கீழே, இந்தச் சாவி வேறொரு பெயரில் முன்பே அறியப்பட்டதே என்றும் ஒரு வரி இருந்தது. முகவரி மாறினும் ஆளை அது மறக்கவில்லை. 'ஆம்' என்றேன். அதன் பிறகுதான் கடவுச்சொல் கேட்டது. மருமகன் ஓராண்டுக்கு முன் வைத்துக் கொடுத்த அதே பழைய, எளிய கடவுச்சொல்லை நடுங்கும் விரலால் தட்டினேன்.

திறந்தது.

இந்த அனுபவத்துக்குப் பின் என்னிடம் இத்தகைய சிக்கலோடு வரும் அன்பர்களுக்கு நான் சொல்லும் முறையை இங்கே வைக்கிறேன். முதலில் விடையை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். 'ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால், ஏதோ ஒரு கருவி விடை சொல்கிறது. அது நீங்கள் தேடும் கருவிதானா என்பதை ரவுட்டர் பட்டியலில் சரிபாருங்கள். அதுதான் என்றால், அங்கே வரவேற்கும் நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள். உபுண்டுவின் மேசைப் பதிப்பில் பிறரிடம் செல்லும் நிரல் முன்பே இருக்கும். பிறரை வரவேற்கும் நிரலை நாம் தனியே நிறுவ வேண்டும். மேக் கணினியில் அதற்கான அமைப்பு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அடுத்து, அதே கணினியில் அமர்ந்து 127.0.0.1 என்னும் தன் முகவரியிலேயே தட்டிப் பாருங்கள். தன் வீட்டுக்குள் நின்று தன்னைத் தானே கூப்பிடுவது அது. உள்ளே திறந்து வெளியே திறக்கவில்லையென்றால், நிரல் உள்வீட்டாருக்கு மட்டும் காது கொடுக்கிறது, அல்லது இடையே 'பயர்வால்' என்னும் காப்புச்சுவர் நிற்கிறது. உள்ளேயும் திறக்கவில்லையென்றால், நிரல் உறங்குகிறது, அல்லது 22 அல்லாத வேறு துறையில் காத்திருக்கிறது.

விடையே வராமல் இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருந்து 'டைம்டு அவுட்' என்று முடிந்தால், அது மறுப்பு அன்று, மௌனம். பல காப்புச்சுவர்கள் வந்தவரிடம் 'போ' என்றுகூடச் சொல்லாமல் அவருடைய கடிதத்தைக் கீழே போட்டுவிடும் இயல்புடையவை. 'பர்மிஷன் டினைடு' வந்தால் மட்டுமே கடவுச்சொல்லையும் சாவிக் கோப்பையும் ஐயுறுங்கள். சாவிக் கோப்பு சரியாக இருந்தும், அது வைக்கப்பட்ட அறையில் பிறரும் எழுதலாம் என்னும் உரிமை இருந்தால், காவலர் அந்தச் சாவியை ஏற்க மாட்டார். இந்த வரிசையை மாற்றி, கடைசிப் படியில் ஐயுற வேண்டியதை முதற்படியிலேயே ஐயுற்றதுதான் என் பிழை. எவரையும் ஐயுறாமல் முதலில் முகவரியைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அன்று இஷாவுக்குப் பிறகு சென்னைக்குக் கூப்பிட்டேன். மணி நெடுநேரம் ஒலித்தது. எடுக்க மாட்டானோ என்று அஞ்சினேன். எடுத்தான்.

"ஸலாம் மாமா."

"வஅலைக்குமுஸ் ஸலாம். மகனே, அன்று நீ ஒன்று கேட்டாயே, கடவுச்சொல் கேட்டதா என்று. அதற்கு இப்போது விடை சொல்கிறேன். கேட்கவில்லை. அது கேட்கவே இல்லை. நீ எதையும் மாற்றவில்லை. நான் உன்மீது சொன்னது பொய். என்னைப் பொறுத்துக்கொள்."

மறுமுனையில் மௌனம். இதற்கு முன் விவரித்தேனே, அந்த மௌனம். காப்புச்சுவரா, கேட்காமல் போயிற்றா என்று தெரியாமல் நான் காத்திருந்தேன். பிறகு அவன் மெல்லச் சொன்னான்:

"மாமா, ரவுட்டரில் அந்த முகவரியை நிலையாகப் பதிந்து வைத்திருக்க வேண்டும். நான்தான் மறந்துவிட்டேன். அது என் தப்பு."

"உன்னுடையது மறதி. என்னுடையது அப்படியன்று" என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை. அவனும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "மாமா, முதலில் எல்லாவற்றுக்கும் படி எடுத்து வைப்போமா?" என்று கேட்டான். அந்த இரவே அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கோப்புகள் அனைத்தும் அதே எஸ்.எஸ்.எச் வழியாக மடிக்கணினிக்கு இறங்கின; அங்கிருந்து ஒரு சிறு தட்டுக்கும் சென்றன. மேல்மாடிக் கணினிக்கு 12 ஆம் எண்ணை நிலையாகப் பதிந்துவைத்தோம். சுவரிலிருந்த தாளில் 7 ஐ அடித்துவிட்டு 12 என்று எழுதினேன். அடித்த எண்ணை அப்படியே விட்டிருக்கிறேன்.

படியெடுத்து முடிந்தபின், சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு கோப்பைத் திறந்தேன். ரகர வரிசை. 'ரத்து' என்னும் சொல் கண்ணில் பட்டது. உரிமம் ரத்து, தேர்வு ரத்து, பயணம் ரத்து என்று நாம் நாள்தோறும் சொல்லும் அதே சொல். அது அரபு மொழியின் 'ரத்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அங்கே அதற்குத் திருப்பி அனுப்புதல், மறுத்தல் என்னும் பொருள்களோடு, விடை கூறுதல் என்னும் பொருளும் உண்டு. ஒருவர் சொன்ன ஸலாமுக்குப் பதில் ஸலாம் சொல்வதையும் அச்சொல்லால்தான் குறிப்பர். தமிழுக்கு வந்தபோது அச்சொல் மறுப்பை மட்டும் சுமந்து வந்து, விடையை வழியிலேயே இறக்கிவிட்டது என்று உஸ்தாது குறித்திருந்தார். அந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்தவன் நானே. செய்த நாளில் அதனைப் படிக்காமல் இருந்திருக்கிறேன் போலும்.

இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் அவன் மீண்டும் கூப்பிடுகிறான். கணினியில் ஏதேனும் தடை வந்தால் நான் முந்திக்கொண்டு காரணம் சொல்லத் தொடங்குவேன். அவன் இடைமறிப்பான்.

"காரணம் பிறகு மாமா. என்ன விடை வந்தது? எழுத்துக்கு எழுத்து படியுங்கள்."

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிறேன்.